"நாம ஏன்பா கிறிஸ்தவங்க?" என்று மகன் கேட்டால்: துபாயில் இருக்கும் ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். நீங்கள் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். மனைவி முளகுமூடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். உங்களுக்கு வேலை துபாயில். மனைவியும் பிள்ளைகளும் நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் மீடியம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். மகனுக்கு ஞாயிறு காலையில் நீட் கோச்சிங். போன லீவில் அவன் "நாம ஏன்பா கிறிஸ்தவங்க?" என்று கேட்டிருக்கிறான். "தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. நம் விசுவாசமும் பாரம்பரியமும் நம்மோடு நின்றுபோகுமோ என்று பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மகன் கேட்டது நல்ல கேள்வி. கோயிலுக்கு (சர்ச்சைத்தான் எங்கள் பக்கம் கோயில் என்போம்) வரமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை, காரணம் கேட்கிறான். அந்தக் காரணத்தை ஒழுங்காகச் சொல்ல நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஓய்வுநாள் பாடசாலையில் பல ஆண்டு பிள்ளைகளோடு இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: ஆபிரகாமையும் தாவீதையும் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தாத்தாவின் தாத்தா எப்படி இந்த வழிக்கு வந்தார் என்பது தெரியாது. நடுவில் இருக்கிற இந்த இடைவெளியை சபை நிரப்பாது. வீடுதான் நிரப்ப வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கதையிலிருந்து தொடங்குங்கள். மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர் இருந்தார், சாம்பவர் சமுதாயத்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோலாப் ஐயர் என்ற மிஷனரியிடம் சுவிசேஷத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். எங்கள் ஊருக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டவரும் அவர்தான். அப்படித்தான் 1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே கோயில் எழும்பியது. கையில் கிடைத்த சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உடுக்க நல்ல துணிகூட இல்லாமல் இருந்த மனுஷன் அவர். உடம்பு கெட்டு 1816-இல் ஊரைவிட்டுப் போனபோது சபைகளை வேதமாணிக்கத்தின் கையில்தான் ஒப்படைத்தார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேரும்வரை அந்தச் சபைகளைக் காத்தவர் ஒரு உள்ளூர்க்காரர். இதை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். "வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று பள்ளியில் யாராவது சொல்லும்போது, தேடிப்போய் வாங்கி வந்தவர் நம் ஊர்க்காரர் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். நம் முன்னோர் பலர் இந்த வழிக்கு வந்ததற்கு அவமானமும் ஒரு காரணம். அன்றைய தென் திருவிதாங்கூரில் தலைவரி, கூலியில்லா ஊழியம், பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்கிற கட்டுப்பாடு. மிஷன் பள்ளியில் படித்த பெண்கள் குப்பாயம் (மேல்சட்டை) போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனபோது அதைக் கிழித்தார்கள், அடித்தார்கள், கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். தோள்சீலைக் கலகம் 1822-இல் தொடங்கி விட்டுவிட்டு எரிந்தது. 1859 ஜூலை 26-ஆம் தேதி அரசு ஆணை வந்த பிறகுதான் நாடார் பெண்கள் குப்பாயம் போடத் தடையில்லை என்றானது. அப்போதும்கூட மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. உங்கள் பாட்டியின் பாட்டிக்கும் கொஞ்சம் முந்தைய காலம் அது, ரொம்ப தூரத்தில் இல்லை. இதைக் கேட்கிற 14 வயதுப் பையன், "அப்போ அவங்க மரியாதைக்காகத்தான் மதம் மாறினாங்களா?" என்று கேட்பான். கேட்கட்டும். "மரியாதையும் வேண்டித்தான் வந்தார்கள். தேவன் மனுஷனை மனுஷனாகப் பார்க்கிறார் என்று முதன்முதலாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது, அதை நம்பினார்கள், அடி வாங்கியும் விடவில்லை" என்று சொல்லுங்கள். சுவிசேஷம் என்றால் அவர்களுக்கு அதுதான். இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாகர்கோவில் பள்ளியில் 1821-இல் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல்தான், அதற்கு முன்பே இது நடந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கையால் செய்கிற வேலை பிடிக்கும். வீட்டில் பழைய லேஸ் துணி ஏதாவது இருந்தால் எடுத்துக் கையில் கொடுங்கள்.

மனைவி பக்கத்துக் கதைக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. 1544-இல் சவேரியார் நம் கடற்கரை ஊர்களில் நடந்தே போய் ஆயிரக்கணக்கான முக்குவ மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். உள்நாட்டில் நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் அரண்மனை அலுவலராக இருந்தவர். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, அப்புறம் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டிலனாய் என்ற டச்சுக்காரர் வழியாக வேதத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். கைது செய்து, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், சித்திரவதை செய்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ஆம் தேதி ரோமில் புனிதர் என்று அறிவிக்கப்பட்டார். இந்தியாவிலிருந்து குருவோ துறவியோ அல்லாத ஒருவர் அந்த நிலைக்கு உயர்ந்தது அதுதான் முதல் முறை. பெண்டாட்டி, வீடு, உறவு என்று நம்மைப் போல வாழ்ந்தவர். அவரைப் போலவே ஞானஸ்நானம் பெற்ற மனைவி ஞானப்பூ அம்மாளையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்த அம்மாளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மனைவியின் சொந்த ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மேஸ்தர் அம்மையார் முளகுமூட்டில் அநாதைப் பிள்ளைகளோடு வேலை தொடங்கினார். இன்று பல நாடுகளில் இருக்கிற ஒரு கன்னியர் சபை பிறந்தது அந்த ஊரில்தான். மனைவி அந்த மண்ணில் வளர்ந்தவர். பிள்ளைகளுக்கு இதை அவர் வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

லீவில் வரும்போது இந்த இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் ஒரே நாளில் வேன் பிடித்து எட்டு இடம் பார்க்க வேண்டாம். ஒரு லீவுக்கு ஒரு பக்கம் போதும். உதாரணத்துக்கு, புலியூர்க்குறிச்சி. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ரோட்டில், தக்கலைக்கு முன்னால். தேவசகாயத்தைக் கட்டி இழுத்துப்போன வழியில் தாகத்தில் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் சுரந்தது என்று சொல்லப்படுகிற முட்டிடிச்சான் பாறை அங்கே இருக்கிறது. பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே இடிந்த சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை. 1777-இல் இறந்தவர். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும். தமிழ்ப் பகுதியை மகனை வாசிக்கச் சொல்லுங்கள். பழைய எழுத்து, தடுமாறுவான், நேரம் கொடுங்கள். ஒரு பீரங்கிக்காரர் வேதத்தைப் பேசி, ஒரு அரண்மனைக்காரர் அதைக் கேட்டு, அதற்காக உயிர் கொடுத்தார் என்பதெல்லாம் அந்த வளாகத்துக்குள் நிற்கும்போது பிள்ளைகளுக்கு நடந்த காரியமாகத் தெரியும். இரண்டாம் லீவில் காட்டாடிமலையும் கோட்டாறு பேராலயமும், அங்கேதான் அவரை அடக்கம் செய்தார்கள். மூன்றாம் லீவில் மயிலாடி, நாகர்கோவில் கஸ்பா சபை. 1819 ஜனவரி முதல் தேதி அஸ்திவாரம் போட்ட அந்தக் கோயிலுக்குள், ஆராதனை இல்லாத நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்து பார்க்கச் சொல்லுங்கள். திருவிதாங்கோட்டுக் கருங்கல் கோயிலுக்கும் போகலாம். அப்போஸ்தலர் தோமா கட்டியது என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற நம்பிக்கை. பிள்ளைகளிடம் அதை நம்பிக்கை என்றே சொல்லுங்கள். கல்லறைக் கல்லில் தேதி போட்டிருப்பதையும் வாய்வழியாக வந்ததையும் ஒன்றாகக் குழப்பிச் சொன்னால், பிற்பாடு இணையத்தில் ஒன்றைப் படித்துவிட்டு இரண்டையும் தள்ளிவிடுவார்கள்.

மகனுக்கு டாக்டர் ஆக ஆசை என்றால் நெய்யூரைக் காட்டுங்கள். 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணி. அங்கே அறுவை மருத்துவராக இருந்த சோமர்வெல் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். இரண்டாம் முறை ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை போய், தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நிலையில் இறங்கி வந்தார். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டார். லண்டனில் கிடைக்கவிருந்த பெரிய வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். நீட்டுக்குப் படிக்கிற பையனுக்கு, படித்து முடித்துவிட்டு யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்ற கேள்வியை இதைவிட நன்றாக எழுப்ப என்னால் முடியாது.

சரி, இனி வீட்டுக்கு வருவோம். நம் மாவட்டத்துக்கு விசுவாசம் வந்தபோது வாசிப்பும் சேர்ந்தே வந்தது. மயிலாடியில் கோயில் வந்த 1809-லேயே பள்ளியும் வந்தது. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதுதான். நாகர்கோவிலில் 1820 வாக்கில் அச்சுக்கூடம் வந்துவிட்டது. பல ஊர்களில் வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில், இரண்டும் ஒரே ஓலைக்கொட்டகை. ஊர் ஊராக நடந்து போன உபதேசியார்மார் வேதத்தையும் அரிச்சுவடியையும் ஒன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் நமக்கு, 91.75 சதவீதம். அதற்குக் காரணங்கள் பல. இந்தக் கொட்டகைகளும் அதில் உண்டு. அப்படி வந்த விசுவாசம் வாசிக்காத வீட்டில் தங்காது என்பது என் உறுதியான எண்ணம். பாட்டு வரும், கேக் வரும், நட்சத்திரம் தொங்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

ஆகவே நான் உங்களிடம் கேட்கிற ஒரே பெரிய காரியம் இதுதான்: தினமும் ராத்திரி குடும்ப ஜெபம், அதில் பிள்ளைகள் தமிழில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பெரியவர்கள் வாசிக்க, பிள்ளைகள் கொட்டாவி விட்டுக் கேட்கிற ஜெபம் நம் ஊரில் எத்தனையோ பேரை ஜெபத்துக்கே வெறுப்பாக்கியிருக்கிறது. இங்கே எட்டரை மணி என்றால் உங்களுக்கு அங்கே ஏழு. வீடியோ காலில் வந்துவிடலாம். பத்து நிமிடம் போதும், பதினைந்துக்கு மேல் போகக் கூடாது. மகள் நான்கு வசனம், மகன் எட்டு வசனம். எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும், திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். சின்னது, வேகமாகப் போகும், சம்பவம் சம்பவமாக இருக்கும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால், விளங்கிக்கொள்ள ஆர்.சி. சபையார் 1995 முதல் பயன்படுத்துகிற பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் உங்கள் வீட்டில் இரண்டும் இருக்கும். மனப்பாடத்துக்கு மட்டும் பழையதை விடாதீர்கள். 23-ஆம் சங்கீதமும் 121-ஆம் சங்கீதமும் அந்தப் பழைய தமிழில் நெஞ்சில் ஏறினால், ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நிற்கிற நாளில் தானாக வாயில் வரும்.

நீங்கள் பிரசங்கம் செய்ய வேண்டாம் தம்பி. தூரத்தில் இருக்கிற தகப்பன்மாருக்கு அந்தச் சோதனை உண்டு. இருக்கிற பத்து நிமிடத்தில் ஒரு வருஷத்துப் புத்திமதியைச் சொல்லிவிட நினைப்பார்கள். வாசித்த பிறகு, "இன்னைக்கு யாருக்காக ஜெபிக்கணும்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வகுப்பில் காய்ச்சலில் கிடக்கிற பையன், அப்பாவுக்கு வேலை போய்விட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்வார்கள். அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபியுங்கள். உங்கள் வேலைக் கஷ்டத்தையும் ஒரு வரி சொல்லி, எனக்காக ஜெபியுங்கள் மக்களே என்று கேளுங்கள். அப்பாவுக்காக ஜெபித்த பிள்ளை ஜெபத்தை லேசில் விடாது.

உங்கள் கலப்பு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சபையும் திரித்துவத்தின் பெயரால் கொடுக்கிற ஞானஸ்நானம் ஒன்று, விசுவாசப் பிரமாணம் ஒன்று. அம்மா செபமாலை சொல்லும்போது அப்பா பக்கத்து உறவினர் முகம் சுளிப்பதும், அப்பா பக்கத்துக் கோயிலில் ஒன்றுமே இல்லை, வெறும் சுவர் என்று அம்மா பக்கத்தில் சொல்வதும் பிள்ளைகள் காதில் விழக்கூடாது. கர்த்தருடைய ஜெபத்தை இரண்டு சபைச் சொல்லிலும் கற்றுக்கொடுங்கள். அம்மாவிடமிருந்து செபமாலையும், உங்களிடமிருந்து கீர்த்தனையும் வரட்டும். ஆனால் சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தலோ ஆர்.சி.யில் உறுதிபூசுதலோ (விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற சடங்குதான் இரண்டும்), ஏதாவது ஒரு சபையில் பிள்ளைக்கு வேர் பிடிக்க வேண்டும். அதை நீங்கள் இருவரும் சேர்ந்து இப்போதே முடிவு செய்யுங்கள். அங்கேயும் இங்கேயும் விருந்தாளியாக வளர்கிற பிள்ளைக்குக் கடைசியில் எந்த இடமும் சொந்தமாக இருக்காது.

ஞாயிறு கோச்சிங்கை நிறுத்தச் சொல்வேன். ஆறு நாள் படிப்பில் வராத மார்க்கு ஏழாம் நாள் காலையில் வராது. வேறு நாளுக்கு மாற்றிக் கேளுங்கள், முடியாவிட்டால் வேறு இடம் பாருங்கள். ஆராதனையை நாம் எதற்கெல்லாம் தள்ளிவைக்கிறோம் என்று பிள்ளைகள் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆனால் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்காரவைப்பதால் மட்டும் ஆகாது. திடப்படுத்தல் வகுப்பு முடிந்து, வெள்ளை உடுப்பில் போட்டோ எடுத்து, முதல் திருவிருந்து எடுத்த பிறகு எத்தனை பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்பது சபைக்குத் தெரியும். பரீட்சை முடிந்து போன மாதிரி போய்விடுகிறார்கள். காரணம், அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. மகனுக்குச் சபையில் ஏதாவது ஒரு பொறுப்பு வாங்கிக் கொடுங்கள். வேதபாடம் வாசிப்பது, பாடகர் குழு, கேரல் ரவுண்ட்ஸில் காணிக்கைக் கணக்கு. ஆர்.சி. சபை என்றால் பீடச் சிறுவர், அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழுவில்) வாசகம்.

எனக்குப் பிடித்தது அறுப்பின் பண்டிகை ஏலம். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் வாழைக்குலை, சக்கைப்பழம், தேங்காய், மரச்சீனிக்கிழங்கு, கால் கட்டிய கோழி என்று காணிக்கையாக வந்ததெல்லாம் வரிசையாக இருக்கும். ஒருவர் விலை கூவுவார். நூறு ரூபாய்க் குலையை ஆயிரம் ரூபாய்க்கு ஒருவர் ஏலம் எடுத்துவிட்டு, அதைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி கூவுவார்கள். பக்கத்தில் ஒரு பையன் நோட்டோடு உட்கார்ந்து பெயரும் தொகையும் எழுதிக்கொண்டிருப்பான். அந்த நோட்டு உங்கள் மகன் கையில் இருக்கட்டும். ஊரில் யார் யார், யாருக்கு என்ன மனசு, கையில் இல்லாதவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அன்று அவனுக்குப் பிடிபடும். பெரிய வெள்ளிக்கிழமை நீண்ட ஆராதனை முடிந்து கஞ்சியும் பயறும் விளம்புகிற கோயிலாக இருந்தால், விளம்புகிற பக்கம் மகளை நிறுத்துங்கள்.

இனிமேல் சொல்லப் போவது கசப்பானது. நம் பிள்ளைகள் விசுவாசத்தை விட்டுப் போவதற்கு செல்போனைக் குறை சொல்வது சுலபம். என் கண்ணுக்குப் பட்ட பெரிய காரணங்கள் வேறு. ஒன்று, சபைத் தேர்தலும் சண்டையும் வழக்கும். ஞாயிறு சாப்பாட்டில் சபைப் போதகரான ஐயரைத் திட்டி, கமிட்டிக்காரரைத் திட்டி, கோர்ட்டு விஷயம் பேசி முடித்துவிட்டு, ராத்திரி ஜெபத்தில் உட்கார்ந்தால் பிள்ளை என்ன நினைக்கும்? சண்டை இருப்பதை மறைக்கவும் வேண்டாம், மகனுக்குத் தெரியும். "இது தப்பு, இதற்காக நாம் ஜெபிக்கிறோம், நம் வீடு இதில் சேராது" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு, சீதனம். நம் மாவட்டத்தில் கிறிஸ்தவ வீடுகளில் பெண்பிள்ளைக்கு எத்தனை சவரன், எவ்வளவு ரொக்கம், என்ன கார் என்று பேசுகிற பேச்சை இரு பக்கமும் ஜெபம் பண்ணித்தான் தொடங்குகிறோம். உங்கள் மகள் இன்னும் சில வருஷத்தில் அந்தப் பேச்சுகளை, அத்தைமார் சித்திமார் கல்யாணத்தில், கேட்கத் தொடங்குவாள். லேஸ் பின்னி விடுதலை வாங்கிய பெண்களின் கதையை அவளுக்குச் சொல்லிவிட்டு, அவளை விலை பேசினால் அந்தக் கதை பொய்யாகிவிடும். மகனுக்குச் சீதனம் வாங்கமாட்டோம் என்று நீங்களும் மனைவியும் இப்போதே, பிள்ளைகள் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்று, சாதி. சாதியின் பெயரால் துணியைக் கிழித்தவர்களிடமிருந்து தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது முதல் கேள்வியாக அதையே கேட்கிறோம். மயிலாடியில் முதலில் விசுவாசித்தவர் எந்தச் சமுதாயத்தவர் என்பதைச் சில வீடுகளில் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை. உங்கள் வீட்டில் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டுக் கொடுக்கிற பாரம்பரியத்தில் கட்டடமும் சமையலும்தான் இருக்கும், அதில் கிறிஸ்து இருக்கமாட்டார்.

அண்டை வீட்டார் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2011 கணக்குப்படி நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர் சுமார் 47 சதவீதம், இந்துக்கள் சுமார் 49 சதவீதம். சேர்ந்துதான் வாழ வேண்டும், சேர்ந்துதான் வாழ்ந்தும் வருகிறோம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். 1982-இல் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டதையும் அதில் உயிர்கள் போனதையும் பெரியவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். பேசும் விதத்தில் கவனம் வேண்டும். நம் பக்கத்துச் சாவை மட்டும் எண்ணிச் சொல்லி வளர்க்கிற பிள்ளை, பகையைத்தான் விசுவாசம் என்று எடுத்துக்கொள்ளும். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: வாங்கிக்கொள்ளுங்கள், கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் உங்கள் பிள்ளைகள் கையாலேயே கொடுத்தனுப்புங்கள். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடுவதில் உங்களுக்கு மனசாட்சி இடறினால், கொண்டுவந்தவர் முகம் வாடாமல் நடந்துகொள்ள வேண்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8-ஆம் அதிகாரமும் 10-ஆம் அதிகாரமும் இதைத்தான் பேசுகின்றன. மகனோடு சேர்ந்து வாசித்து அவன் கருத்தையும் கேளுங்கள்.

மகன் சந்தேகம் கேட்டால் அதட்ட வேண்டாம். டைனோசர், பரிணாமம், மற்ற மதத்து நல்லவர்கள் என்ன ஆவார்கள் என்று வரிசையாக வரும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, படித்த ஒரு போதகரிடமோ குருவானவரிடமோ அவனையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். தோமாவின் சந்தேகத்தை இயேசு திட்டவில்லை, கையை நீட்டிப் பார் என்றார்.

கடைசியாக ஒரு வேலை, இதை உடனே செய்ய வேண்டும். கருங்கல் வீட்டில் பழைய வேதாகமம் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. முதல் வெற்றுப் பக்கத்தில் மூன்று பேர் கையெழுத்து. மேலே நீல மையில் பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் கொல்லம் ஆண்டில் எழுதியிருக்கும், 1098, 1101, 1104 என்று. நடுவில் இங்கிலீஷ் ஆண்டு வந்துவிடும். ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே "கர்த்தருக்குள் நித்திரை" என்று இரண்டே சொல், பிறந்த அதே மாதத்தில். கீழே பால்பாயிண்ட் பேனாவில் பேரப்பிள்ளைகள், அதற்குப் பிறகு ஒன்றும் எழுதப்படவில்லை. உங்கள் வீட்டு வேதாகமத்திலும் அப்படிப் பக்கம் இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகள் பெயரை அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறக்குறைய இங்கிலீஷ் ஆண்டு வந்துவிடும், சில மாதங்களுக்கு 824. பக்கம் இல்லாவிட்டால் ஊர்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். முளகுமூட்டிலும் பங்கு அலுவலகத்தில் கேட்கலாம்.

உங்கள் பாட்டிக்கு 86 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த லீவு வரை இதைத் தள்ளாதீர்கள். மனைவியையும் மகனையும் இந்தச் சனிக்கிழமையே கருங்கலுக்கு அனுப்புங்கள். மகன் செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவனே கேள்வி கேட்கட்டும். பாட்டிக்கு யார் ஜெபம் சொல்லிக்கொடுத்தார், கோயில் அப்போது எப்படி இருந்தது, கூரையா ஓடா, உபதேசியார் யார், கல்யாணத்தில் என்ன பாடினார்கள், பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டார்கள், ஜெபித்தும் நடக்காமல் போனது எது, அப்புறமும் ஏன் விடவில்லை. கடைசி இரண்டு கேள்வியையும் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். பாட்டி பேச்சை இடையில் மறித்துத் திருத்த வேண்டாம், ஊர்ப்பேச்சு அப்படியே பதியட்டும். பதிந்ததை இரண்டு இடத்தில் சேமித்துவைத்து, உங்களுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.